காகிதத்தில் வளர்ந்தவள்

அற்புதம்மாளுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் சொன்னது. அவளுடைய உடம்பு மட்டும் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

ஒன்றாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரை, டிரில் பீரியடில் உயரப்படி வரிசையாக நிற்கச் சொன்னால் அவள்தான் முதல் ஆள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கே அந்தக் கதை தொடங்கிவிட்டது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். கை உச்சந்தலையோடு நின்றுவிட்டது. "இன்னும் ஒரு வருஷம் போகட்டும்மா" என்றார். அம்மா செபஸ்தியம்மாள் மடியிலிருந்து கிராம முன்சீப் எழுதித் தந்த பிறப்புச் சீட்டை எடுத்து நீட்டினாள். பிறந்தது ஐம்பத்து நாலாம் வருஷம் தை மாதம் என்று அதில் இருந்தது. வாத்தியார் கணக்குப் பார்த்தார். "ஏழு வயசாச்சு. ஏழு வயசுப் புள்ளைக்குக் காது எட்டலையா? என்னம்மா சோறு போடுற?" என்று இரக்கப்பட்டு, சேர்த்துக்கொண்டார்.

மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே முன்பல் விழுந்துவிட்டது. அற்புதத்துக்கு மூன்றாம் வகுப்பில்தான் பல் ஆடியது. எட்டாம் வகுப்பில் பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகப் பதினைந்து இருபது நாள் பள்ளிக்கு வராமல் நின்று, பிறகு தாவணி போட்டுக்கொண்டு புதுமணப்பெண் போல வந்தார்கள். பதினோராம் வகுப்புப் பரீட்சை எழுதுகிற அன்றைக்கும் அற்புதம் பாவாடை சட்டையோடுதான் போனாள். வகுப்பில் அவளுக்கு "அரைப்படி" என்று பெயர். வாத்திமார்கள்கூடச் சில சமயம் மறந்துபோய் அப்படியே கூப்பிட்டுவிடுவார்கள்.

ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் அவர்கள் இருந்த தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நல்லெண்ணெயில் பச்சை முட்டையை உடைத்துக் குடித்தாள். நாற்பத்தெட்டு நாள் உளுந்தங்களி தின்றாள். வேப்பமரக் கிளையைப் பிடித்துக்கொண்டு காலையில் நூறு எண்ணும்வரை தொங்கினாள். தம்பி அடைக்கலசாமி சான்றிதழ்ப்படி அவளைவிட ஐந்து வயது சின்னவன். போன வருஷமே அவன் குரல் உடைந்து கரகரத்துவிட்டது, மேல் உதட்டில் கரிக்கோடு போட்டது போல மீசை அரும்பிவிட்டது. "இந்த வூட்டுல யாருடா மூத்தது?" என்று தெருவில் கேட்பார்கள். "நான்தான். அக்காவை நான்தான் தூக்கி வளத்தேன்" என்பான் அவன். எல்லாரும் சிரிப்பார்கள். அற்புதமும் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஒவ்வொரு வருஷமும் மாதா திருவிழாவுக்கு அம்மா அவளை ஏலாக்குறிச்சிக்கு அழைத்துப் போவாள். கை நோவுக்குக் கை, கண் நோவுக்குக் கண் என்று தகரத்தில் அடித்த உருவங்களைக் கோயில் வாசலில் விற்பார்கள். அம்மா முழு ஆள் உருவம் ஒன்று வாங்குவாள். இரண்டு பேரும் வாசலிலிருந்து பீடம்வரைக்கும் முழங்காலில் நடந்துபோய் அதைக் காணிக்கையாகப் போடுவார்கள். "என்னை வளர்த்துவிடு தாயே, மத்தப் புள்ளைங்க மாதிரி ஆக்கிவிடு தாயே" என்று அற்புதம் கண்ணை மூடிக் கேட்பாள். பக்கத்தில் அம்மா தேம்பித் தேம்பி அழுவாள். தனக்காக இப்படி அழ ஒருத்தி இருக்கிறாளே என்பதுதான் அந்தப் பெண்ணுக்கு இருந்த பெரிய ஆறுதல்.

அப்பா சவரிராஜ் காசநோயில் இறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரி ஒன்றில் அவர் கடைசியாகக் கிடந்தார். அப்போது ஒரு நர்சு, யாரும் சொல்லாமலே, கட்டிலடியில் சுருண்டு கிடந்த அற்புதத்தின் தலைக்குக் கீழே ஒரு மடித்த போர்வையை வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான். பெயர்கூடத் தெரியாது. ஆனால் அந்தப் போர்வையின் மேல் படுத்தபடியே அற்புதம் தீர்மானம் செய்துவிட்டாள், நானும் இந்த வேலைக்குத்தான் வருவேன் என்று. ஒருவர் போகிறபோக்கில் செய்கிற சின்ன உபகாரம் இன்னொருவர் வாழ்க்கைக்கு வழிகாட்டிவிடுகிறது. ஆண்டவர் பல காரியங்களை அப்படித்தான் நடத்துகிறார்.

எழுபத்திரண்டாம் வருஷம் மே மாதக் கடைசியில் அந்த ஆஸ்பத்திரியிலிருந்தே கடிதம் வந்தது. நர்சுப் பயிற்சிக்கு அவளை எடுத்துக்கொள்ளலாம். பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும். உடம்பில் நோய் நொடி இல்லை என்று சர்க்கார் டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்று ஒன்று வேண்டும். ஜூன் பதினைந்துக்குள் வந்து சேர வேண்டும்.

கடிதத்தைப் படித்த சந்தோஷம் அன்று சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை. டாக்டர் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்களே. பதினோரு வருஷமாகப் பெயர் தெரியாமல் உடம்புக்குள் இருக்கிற கோளாறுக்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்களே. அந்தப் பெயரோடு யார் நர்சு வேலைக்கு எடுப்பார்கள்?

திருமானூர் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, தாயும் மகளும் அரியலூரில் இறங்கியபோது மணி ஒன்பது. ஆஸ்பத்திரிக்கு நடக்கும்போது அம்மா சொன்னாள்:

"டாக்டரம்மா கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. வளவளன்னு பேசாத. வயசு கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

"ஏன், எனக்கு என் வயசு தெரியாதா?"

"சொன்னதைக் கேளு தாயி."

வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்த ஆயா இருசம்மாள் அற்புதத்தைப் பார்த்ததும் கன்னத்தைத் தட்டினாள். "எத்தனாங் கிளாஸ் பாப்பா? பூச்சி மருந்தா? அந்தப் பக்கம் போய் ஒக்காரு, பச்சப்புள்ளைங்களுக்கு அங்கதான்."

"எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிட்டேங்க. நர்சுப் பயிற்சிக்கு சர்ட்டிபிகேட் வாங்க வந்திருக்கேன்."

ஆயா இடுப்பில் கைவைத்து மேலும் கீழும் பார்த்தாள். "நீயி? ஊசி போடணும்னா நோயாளியைத் தரையில படுக்கச் சொல்லணுமே!" என்று சிரித்துவிட்டு, அற்புதத்தின் முகம் மாறியதைக் கண்டு, "அட, சும்மா சொன்னேன் கண்ணு. கோவிச்சுக்காத" என்று முதல் பெஞ்சிலேயே இடம் பிடித்துக் கொடுத்தாள்.

டாக்டரம்மா நடுத்தர வயது. அவசரப்படாதவர். உயரம் அளந்தார்: நாலடி ஏழங்குலம். எடை பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி, விரலால் பல்லை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சான்றிதழில் இருந்த தேதியைப் படித்துவிட்டு, மறுபடி எழுந்து வந்து பல்லை எண்ணினார்.

"முன்பல் எப்ப விழுந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"மூணாங் கிளாஸ்ல டாக்டர்."

"உயரம் நெறைய வளர்ந்தது எப்ப? போட்டுக்கிட்டிருந்த பாவாடை திடீர்னு பத்தாமப் போயிருக்குமே."

அற்புதம் யோசித்தாள். வளர்ந்ததா? தானா? யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. "ரெண்டு வருஷமாத்தான் டாக்டர். வருஷத்துக்கு ரெண்டு தடவை மடிப்பைப் பிரிச்சு விட்டோம்."

"இன்னும் பெரியவளாகலை."

"இல்லைங்க" என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு, அம்மாவைப் பார்த்துத் திரும்பினார்.

"பாருங்கம்மா. ஒரு புள்ளை வளர்றதுக்கு ஒரு வரிசை இருக்கு. இன்ன பல் இன்ன வயசுல வரும், இன்ன வயசுல விழும், இன்ன வயசுல ஒரேயடியா உயரும், அதுக்கப்புறம் பெரியவளாகும். உங்க பொண்ணுக்கு இந்த வரிசையில ஒண்ணுகூட விட்டுப்போகலை. எல்லாம் நடந்திருக்கு, கடைசி ஒண்ணுதான் பாக்கி. ஆனா நீங்க குடுத்த தேதியை வச்சுப் பார்த்தா ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட மூணு மூணு வருஷம் தள்ளி நடந்திருக்கு. நோயா இருந்தா இவ்வளவு சீராத் தள்ளாது. இவளுக்குப் பதினஞ்சு வயசுன்னு சொல்லுங்க, நல்ல ஆரோக்கியமான பொண்ணு, கொஞ்சம் சத்துக் கம்மி, அவ்வளவுதான்னு இப்பவே எழுதித் தரேன். பதினெட்டுன்னா, எனக்குப் பயமா இருக்கு. தஞ்சாவூருக்கு அனுப்பி எலும்பைப் படம் எடுத்துப் பார்க்கணும். வயசு சரியாத் தெரியுமா உங்களுக்கு?"

அற்புதம் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"பதினெட்டுதாங்க" என்றாள் செபஸ்தியம்மாள். "முன்சீப் சீட்டு இருக்குங்க. காயிதத்துல இருக்கே."

"காயிதத்தைக் கேக்கலம்மா. பெத்தவங்க உங்களைக் கேக்கறேன்."

"பதினெட்டுதாங்க."

டாக்டரம்மா மூடிய பேனாவை மறுபடி திறந்தார். தஞ்சாவூருக்கு ஒரு சீட்டு எழுதி நீட்டினார். "அங்க பார்த்துட்டு வாங்க. அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போட முடியாது." அம்மா சீட்டை வாங்கி, கும்பிட்டு, மகளின் தோளைத் தொட்டுக் கிளப்பினாள்.

வெளி வாசலைத் தாண்டி வேப்பமர நிழலுக்கு வந்தபோதுதான் அற்புதத்துக்கு உறைத்தது. தலைவலி என்றால்கூட "ஏன் வலிக்குது, எங்க வலிக்குது" என்று பத்துக் கேள்வி கேட்கிறவள் அம்மா. எலும்பைப் படம் எடுக்க வேண்டும், பயமாக இருக்கிறது என்று ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார். என் மகளுக்கு என்ன நோய் என்று அம்மா கேட்கவில்லையே.

அவள் நின்றுவிட்டாள்.

"அம்மா. எனக்கு என்ன வயசு?"

"வெயிலு ஏறுது, வா. ஜெயங்கொண்டத்துல ஒரு டாக்டரு இருக்காராம், கேள்வி கேக்காம எழுதிக் குடுப்பாராம்…"

"எனக்கு என்ன வயசும்மா?"

செபஸ்தியம்மாள் மரத்தடியில் அப்படியே உட்கார்ந்தாள். வண்டிக்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அதற்குள்ளிருந்தே பேசினாள்.

"மருதையாத்துல ரயிலு விழுந்துச்சே, அதுக்கு மறுநா நீ பொறந்த."

வெள்ளத்தில் பாலம் உடைந்து ஆற்றில் விழுந்த அந்த ரயிலைப் பற்றி அரியலூர்ப் பக்கத்தில் கேள்விப்படாதவர்கள் கிடையாது. ஐம்பத்தாறாம் வருஷம் கார்த்திகை. பதினைந்து வயதும் ஆறு மாதமும்.

"அப்ப ஐம்பத்து நாலுல பொறந்தது யாரு?"

"அவ பேரும் அற்புதந்தான்."

அதுவரை அற்புதத்துக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதே தெரியாது. அம்மா விட்டுவிட்டுச் சொன்னாள். அப்போது அவர்கள் வரதராசன்பேட்டைக்குப் பக்கத்தில் முந்திரிக்காட்டு ஓரமாக ஒரு சிற்றூரில் இருந்தார்கள். ஐப்பசி மழையில் ஏரி நிறைந்திருந்தது. கடலைக்குக் களை எடுக்கப் போனபோது, மூத்தவளை வரப்பு மரத்தடியில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். நிறைமாதம்; குனிந்தால் நிமிர முடியாது. ஒரு முறை நிமிர்ந்து பார்த்தபோது மரத்தடியில் பிள்ளை இல்லை. ஏரிக்கரைச் சேற்றில் சின்னக் கால் தடம் மட்டும் தண்ணீரைப் பார்த்துப் போயிருந்தது. அடுத்த மாதம் இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தது. அதே பெயரை வைத்தார்கள். பிறகு அந்த ஊரில் இருக்க முடியாமல் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

"ஒனக்கு நாலரை வயசு. இங்கயும் நான் களையெடுக்கத்தானே போவணும்? பக்கத்துல கொள்ளிடம். வாய்க்காலு. தம்பிய இடுப்புல தூக்கிக்குவேன், ஒன்ன எங்க விட்டுட்டுப் போவேன்? பள்ளிக்கூடத்துல கதவு இருக்கு, வாத்தியாரு இருக்காரு, மத்தியானம் சோறு போடுறாங்க. காது எட்டலைன்னா திருப்பி அனுப்பிடுவாங்கன்னு சொன்னாங்க. ஒங்கப்பா முன்சீப்புகிட்ட சீட்டுக் கேட்டப்ப, அவரு பேரைப் பாத்து மூத்தவ சீட்டை எழுதிட்டாரு. ஒங்கப்பா எனக்குப் படிச்சுக் காட்டுனாரு. கைதப்பா எழுதிட்டாருன்னு தெரியும். ஆண்டவரே குடுத்தாருன்னு வாங்கிக்கிட்டேன்."

இது வரைக்கும் அற்புதத்தால் புரிந்துகொள்ள முடிந்தது. நாலரை வயதுப் பிள்ளையைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றச் சொன்ன பொய். யாரும் அந்த இடத்தில் அதைச் சொல்லியிருப்பார்கள்.

"சரி. சேத்துட்ட. அதுக்கப்புறம்?"

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"மூணாங் கிளாஸ் வரைக்கும் பல்லு விழலைன்னு அழுதேனே, அப்ப எனக்கு ஆறு வயசு. ஆறு வயசுல விழவேண்டியதுதான் விழுந்திருக்கு. எட்டாங் கிளாஸ்ல எல்லாரும் பெரியவளானப்ப எனக்குப் பன்னெண்டு. வரிசையில நான் குட்டை இல்லம்மா. நான் சின்னவ! ரெண்டு மூணு வயசு மூத்த புள்ளைங்களோட நின்னேன், படிச்சேன், பரீட்சை எழுதுனேன். பாஸ் பண்ணியிருக்கேன்! ஒரு ஆளாவது என்னைக் கெட்டிக்காரின்னு சொல்லியிருக்கணும். அரைப்படின்னு சொன்னாங்க. நீ கேட்டுக்கிட்டே இருந்த."

"வெளிய சொன்னா பள்ளிக்கூடத்த விட்டு எடுத்துடுவாங்கன்னு பயம் தாயி. ஜெயிலுல போட்டுருவாங்கன்னு…"

"வெளிய சொல்ல வேணாம். எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? ராத்திரி ஒம்பக்கத்துலதானே படுத்துக் கெடந்தேன்? ஒனக்கு ஒண்ணும் இல்லடி, நீ சரியாத்தான் வளர்றன்னு காதுல ஒரு வார்த்தை?"

இதற்குச் செபஸ்தியம்மாளிடம் பதில் இருந்தது. கையிலிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னாள்.

"ஒவ்வொரு வருசமும் வாத்தியாரு வயசு எழுதுவாரு. ஏழு. எட்டு. ஒம்போது. மூத்தவ வளந்துக்கிட்டிருந்தா, அற்புதம். காயிதத்துல வளந்துக்கிட்டிருந்தா. ஒங்கிட்ட சொல்லிட்டா அவ செத்துருவா."

அற்புதம் தாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் அழுகையாக மாறும் என்று நினைத்தாள். மாறவில்லை.

"மாதாகிட்ட முட்டிக்கால் போட்டு நடந்தியே. அதுவும் பொய்யா?"

"பொய் இல்ல. மாதா சத்தியமா பொய் இல்ல. நீ ஒனக்காகக் கேட்ட. நான் அவளுக்காகக் கேட்டேன். எம்புள்ளய நல்லபடியா வச்சிருன்னு."

பதினோரு வருஷத்து ஆறுதல் அந்த இடத்தில் போயிற்று. பக்கத்தில் தேம்பிய அழுகை தனக்கானது இல்லை. பச்சை முட்டை குடித்ததையும், களி தின்றதையும், கிளையில் தொங்கித் தொங்கி உள்ளங்கை காய்த்துப்போனதையும், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ஒருத்தி சும்மா இருந்திருக்கிறாள். ஊர் கேலி செய்ததை அற்புதம் பொறுத்துக்கொண்டிருந்தாள், ஊருக்கு உண்மை தெரியாது. தெரிந்தவள் ஒரே ஒருத்தி. அவள்தான் ராத்திரி தலையைக் கோதிவிட்டுத் தூங்கவைத்தவள்.

அவள் தாயின் கையிலிருந்த தஞ்சாவூர்ச் சீட்டை வாங்கினாள்.

"எங்க போற?"

"டாக்டர்கிட்ட."

"வேணாம் தாயி! பதினஞ்சுன்னா ஒன்ன எடுக்க மாட்டாங்க. சீட்டுப் போயிடும். ஒன் நர்சு வேல போயிடும். ஜெயங்கொண்டத்துல கையெழுத்து வாங்கிருவோம், அதோட எல்லாம் முடிஞ்சிரும், நான் சொல்றதக் கேளு…"

அம்மா சொன்னதில் தவறில்லை. ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறினால் போதும், பதினைந்தாம் தேதி வெள்ளைச் சேலைக் கன்னியர்கள் வாசலில் வரவேற்பார்கள். அற்புதத்துக்கு அந்த வாசல் கண்ணில் தெரிந்தது. அந்தக் கட்டிலடி தெரிந்தது. ஆனால் அங்கேயும் வரிசை உண்டு. அங்கேயும் பதினெட்டு வயதுக்காரிகளோடு இன்னொருத்தியின் வயதைச் சுமந்துகொண்டு நிற்க வேண்டும். எனக்கு ஏதோ நோய் என்று அங்கேயும் ஒருத்தி கிசுகிசுப்பாள். பொய் என்று தெரியாமல் சுமந்தது போதும். தெரிந்துகொண்டு எப்படிச் சுமப்பது?

அவள் திரும்பி நடந்தாள். செபஸ்தியம்மாள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அற்புதம் திரும்பவில்லை.

இருசம்மாள் வாசலில் மறித்தாள். "என்ன பாப்பா, மறந்துட்டியா எதையாச்சும்?" அற்புதத்தின் முகத்தைப் பார்த்ததும் வேறு ஒன்றும் கேட்கவில்லை. வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்ததைப் பொருட்படுத்தாமல் கதவைத் திறந்துவிட்டாள்.

"பதினஞ்சுங்க டாக்டர்" என்றாள் அற்புதம். "இப்பதான் தெரிஞ்சுது."

டாக்டரம்மா முழுவதையும் கேட்டார். "நீ சொல்லாம இருந்திருக்கலாம். அது உனக்குத் தெரியும்தானே?" என்றார். பிறகு தஞ்சாவூர்ச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துத் தேதிதான் தவறே தவிர இவள் உடம்பில் குறை ஒன்றும் இல்லை, வயதுக்கேற்ற வளர்ச்சி என்று அரைப் பக்கம் எழுதினார். கன்னியர் ஆஸ்பத்திரிக்குத் தனியாக ஒரு கடிதமும் எழுதி உறையில் போட்டார். "அவங்க கேப்பாங்களோ மாட்டாங்களோ. என்னால முடிஞ்சது இது. வயசுக்கு ஆதாரம் கேப்பாங்க. ஞானஸ்நானச் சர்ட்டிபிகேட் வாங்கி வை."

மூன்று வாரத்தில் பதில் வந்தது. இந்த வருஷ இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஞானஸ்நானச் சான்று அனுப்பினால், பதினேழு முடிந்தபின் எழுபத்து நாலில் சேர்த்துக்கொள்வதைப் பற்றி யோசிப்பார்கள். இரண்டு முழு வருஷம். அற்புதம் கடிதத்தை நாலாக மடித்து வைத்தாள். அந்த மூன்று வாரமும் அவள் தாயிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. சோறு போட்டால் தின்றாள். படுக்கையைத் தம்பிக்கு அந்தப் பக்கமாக மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

சான்று வாங்க வரதராசன்பேட்டைக்குப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் தனித்தனி சீட்டில் உட்கார்ந்து போனார்கள். பங்குக் கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகத் தேடினார். ஓரிடத்தில் விரல் வைத்தார். பிறகு நாலைந்து பக்கம் தள்ளி இன்னோரிடத்தில் விரல் வைத்தார்.

"என்னம்மா இது, ரெண்டு அற்புதம்மாள் இருக்கு. அப்பன் பேரு சவரிராஜ், ஆத்தா பேரு செபஸ்தியம்மாள். ரெண்டுக்கும் அதேதான். எது நீயி?"

"ரெண்டாவதுங்க" என்றாள் அற்புதம்.

"அப்ப மொதலாவது?"

அற்புதம் தாயைத் திரும்பிப் பார்த்தாள். உபதேசியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இறந்துட்டதாக் குறிப்பு ஒண்ணும் இல்லையே. ஒரே வூட்டுல ஒரே பேருல ரெண்டு பொண்ணு உசுரோட இருக்குதுன்னு இந்தப் புத்தகம் சொல்லுது. எந்தப் புள்ளைக்குன்னு சர்ட்டிபிகேட் எழுதுறது? சாமியார் கையெழுத்துப் போட மாட்டாரு."

மூத்தவளை அந்தச் சிற்றூர்க் கல்லறையில் மழையோடு மழையாகப் புதைத்திருந்தார்கள். பங்குக் கோயிலுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. இங்கேயும் அவள் சாகவில்லை.

அற்புதம் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஏரி, ஐப்பசி, எல்லாம் அவளுக்கு இப்போது தெரியும். சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டியது அல்ல. சுவரில் சாய்ந்து காத்திருந்தாள்.

செபஸ்தியம்மாள் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். புத்தகத்தில் உபதேசியாரின் விரல் இருந்த வரியைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ முந்திரிக்கொட்டை மூட்டையைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"செத்துப் போச்சுங்க" என்றாள்.

"எப்ப?"

"ரயிலு விழுந்ததுக்கு முந்தின மாசம். ஐப்பசி. வெள்ளிக்கிழம. ஏரித் தண்ணியில."

உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். பேனாவை மையில் தோய்த்து ஓரத்தில் எழுதினார். "வயசு?"

"ரெண்டே முக்கா" என்றாள் செபஸ்தியம்மாள். "அவ்வளவுதாங்க. ரெண்டே முக்கா."

எழுதி முடித்து மை காயும்வரை மூன்று பேரும் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் இரண்டாவது பெயருக்குச் சான்று எழுதி, சாமியாரிடம் கையெழுத்து வாங்கிவந்து கொடுத்தார். அற்புதம் தேதியைப் படித்தாள். தான் பிறந்த தேதியை எழுத்தில் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் முறை.

பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள். செபஸ்தியம்மாள் நாலடி பின்னால் வந்தாள். கூடவே வரலாமா என்று தெரியாதவள் போல வந்தாள். அற்புதம் நடையைக் குறைக்கவில்லை. கொஞ்சதூரம் போனபின், முன்னால் பார்த்தபடியே கேட்டாள்:

"அவளுக்கு எத்தனை பல்லு மொளச்சிருந்துச்சு?"

பின்னால் காலடிச் சத்தம் நின்றது. பிறகு வேகமாக வந்து பக்கத்தில் சேர்ந்தது.

"இருவதும் வந்துருச்சு. நான் எண்ணிப் பாத்திருக்கேன். கடைசிப் பல்லு அந்த ஆவணியிலதான் வந்துச்சு. ஒரே காய்ச்சலு. என் விரலை வுடமாட்டா, கடிச்சுக்கிட்டே தூங்குவா…"

பதினாறு வருஷமாக யாரிடமும் பேசாத பேச்சை அம்மா பேசிக்கொண்டே வந்தாள். அற்புதம் கேட்டுக்கொண்டு நடந்தாள். மன்னிப்பதைப் பற்றி அவள் இன்னும் யோசிக்கவில்லை.